பட்டறைப் பக்கம்: பழைய எம்ஜிபி கியர்பாக்ஸ் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்ஜிபி காடியின் கியர்பாக்ஸைப் பற்றியவை. 1962 முதல் 1980 வரை வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் வண்டி இது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இன்னும் பலர் ஆசையோடு வைத்து ஓட்டுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் 1967 கடைசியில் வந்த, நான்கு கியருக்கும் சிங்க்ரோ (கியர் அரைக்காமல் விழ, பாகங்களின் வேகத்தை ஒத்துவைக்கும் அமைப்பு) உள்ள பெட்டிக்கு உரியவை. அதற்கு முந்திய பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. சாமான்களும் வேறு. எனவே ஆர்டர் கொடுக்குமுன் உங்களிடம் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கம் ஐயா. என் 1970 எம்ஜிபியில் முதல் மூன்று கியரிலும் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். நாலாவது போட்டால் அடங்கிவிடுகிறது. ஃபோர்மேன் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார். உள்ளே எது போயிருக்கும்?
– வாசகர், செந்தூல்

பெரும்பாலும் லேஷாஃப்டும் (லேகியர் எனும் கியர்க் கொத்தைத் தாங்கும், சுற்றாத தண்டு) அதன் மேல் ஓடும் நீடில் பேரிங்குகளும்தான். நாலாவது கியர் நேரடி ஓட்டம். எஞ்சினின் விசை லேகியர் வழியாகப் போகாமல் எஞ்சின் பக்கத்து இன்புட் ஷாஃப்டிலிருந்து நேராகச் சக்கரப் பக்கத்து மெயின்ஷாஃப்டுக்குப் போய்விடுகிறது. அப்போதும் லேகியர் சுற்றுகிறது, ஆனால் அதன் மேல் சுமை இல்லை. சுமை ஏறும்போது மட்டும் சத்தம் போட்டால் கோளாறு சுமை தாங்கும் இடத்தில்தான் இருக்கும்.

இதை உறுதி செய்ய வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லேகியர். அவற்றில் எது என்பதை ரோட்டில்தான் பிரித்தறிய முடியும். நாலாவதிலும் அதே சத்தம் தொடர்ந்தால் இன்புட் அல்லது மெயின்ஷாஃப்ட் பேரிங், நாலாவதில் அடங்கினால் லேகியர். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இனி அந்தச் சத்தத்தோடு ஓட்டாதீர்கள். லேஷாஃப்டின் மேல்தோல் உரிந்து விழும் இரும்புத் துகள் ஆயிலில் கலந்து, நன்றாக இருக்கும் மற்ற பேரிங்குகளையும் தின்றுவிடும். இன்று ஒரு ஷாஃப்டோடும் சில பேரிங்குகளோடும் முடிகிற வேலை, ஆறு மாதம் கழித்து லேகியரின் உட்துளையும் தேய்ந்து, லேகியரையே மாற்றுகிற வேலையாகிவிடும். லேகியருக்குத்தான் விலையும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

பெட்டியை நானே வீட்டில் பிரித்துக் கட்ட நினைக்கிறேன். எஞ்சின் வேலை செய்த பழக்கம் உண்டு, கியர்பாக்ஸ் இதுதான் முதல் தடவை. என்னென்ன சாமான் வேண்டும்? எங்கே தவறு நடக்கும்?
– வாசகர், பெட்டாலிங் ஜெயா

தாராளமாகச் செய்யலாம். பலத்தைவிடப் பொறுமையும் அளவெடுக்கும் கருவியும்தான் இதற்கு முக்கியம். மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ், நல்ல சர்க்ளிப் பிளையர், பித்தளைச் சுத்தியல், பேரிங் புல்லர் எல்லாம் கையில் இருக்கட்டும். ஸ்பேனர்கள் அங்குல அளவில் வேண்டும். மறைகள் பெரும்பாலும் யுஎன்எஃப் எனும் அங்குல வகை. மில்லிமீட்டர் போல்டை வலிந்து முடுக்கினால் அலுமினியப் பெட்டியின் மறை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஏற்கெனவே வழுக்கியிருந்தால் ஹெலிகாயில் (புது மறையாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யுங்கள். பசை போட்டுச் சமாளிக்காதீர்கள்.

இந்த வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுப்பதுதான் வழக்கம். அரை டன் தாங்கும் ஹாயிஸ்ட் வையுங்கள். ஆயிலை வடித்துவிட்டுத் தூக்குங்கள், சாய்த்து எடுக்கும்போது தரையெல்லாம் கொட்டாது.

மாற்ற வேண்டியவை: லேஷாஃப்ட், அதன் நீடில் பேரிங்குகள், லேகியரின் இரு பக்கத் திரஸ்ட் வாஷர்கள் (பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வளையங்கள்), இன்புட் ஷாஃப்ட் பேரிங், மெயின்ஷாஃப்ட் பேரிங்குகள், நான்கு சிங்க்ரோ ரிங், சிங்க்ரோ ஹப்பின் ஸ்பிரிங்கும் குண்டும், செலெக்டர் ராடுகளின் ஸ்பிரிங், முன் பின் ஆயில் சீல், கேஸ்கட் செட். பெட்டி வெளியே வந்த கையோடு கிளட்ச் மூன்று சாமானும் (தட்டு, கவர், ரிலீஸ் பேரிங்), இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்க கிராங்க் முனையில் உள்ள வெண்கல ஸ்பிகட் புஷ்ஷும், கிளட்ச் ஃபோர்க்கின் புஷ்ஷும் அதன் போல்டும். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். ஃபோர்க் புஷ் தேய்ந்தால் பெடலின் மிதியில் ஒரு பகுதி அங்கேயே வீணாகி, கிளட்ச் முழுதும் பிரியாது. அப்புறம் புது சிங்க்ரோ போட்டும் கியர் அரைக்கிறது என்று பெட்டியைக் குறை சொல்வோம். ஸ்பிகட் புஷ்ஷைப் போடுமுன் ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறவையுங்கள்.

லேகியர் ஆர்டர் செய்ய நேர்ந்தால் பழையதன் பற்களை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முதல் கியரின் விகிதம் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது. புது லேகியரைத் தேய்ந்த பழைய கியர்களோடு சேர்த்தால் ஊளைச் சத்தம் வரும். அதனால் ஜோடியாகவே பாருங்கள்.

பிரிக்கும்போது லேஷாஃப்டை உருவி, லேகியரைப் பெட்டியின் அடியில் இறக்கிவிட்ட பிறகுதான் மெயின்ஷாஃப்ட் வழிவிடும். இதற்கு ஒரு போலி ஷாஃப்ட் செய்துகொள்ளுங்கள். லேஷாஃப்டைவிடச் சற்று மெல்லியதாக, லேகியரின் நீளத்துக்கு மேல் போகாமல், ஒரு நேரான இரும்புக் கம்பி. லேஷாஃப்டைத் தள்ளிக்கொண்டே இது உள்ளே போகும், பேரிங்குகள் இடம் மாறாது. திரும்பக் கட்டும்போது லேகியரின் இரு முனையிலும் நூல்கயிறு சுற்றி மேலே தூக்கி, இதையே புது லேஷாஃப்டால் வெளியே தள்ள வேண்டும். திரஸ்ட் வாஷர்களைக் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் கீழே விழாது.

சிங்க்ரோ ஹப்பைக் கழற்றுமுன், ஹப்பும் அதன் வெளி வளையமும் எந்த நிலையில் சேர்ந்திருந்தன என்று அடையாளம் போடுங்கள். கழற்றுவதை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்யுங்கள். ஸ்பிரிங் தள்ளிக் குண்டு பறந்தால் பைக்குள்ளேயே கிடக்கும்.

பழைய லேஷாஃப்டைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குழிகுழியாக உரிந்திருக்கும், மறுபக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். சுமை எப்போதும் ஒரே பக்கம் விழுவதால் அப்படி. நகத்தால் கீறிப் பார்க்கையில் நகம் தடங்கினால் அந்த ஷாஃப்ட் முடிந்தது. திருப்பிப் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிந்த பக்கத்தின் மேலேயும் பேரிங் ஒவ்வொரு சுற்றிலும் ஏறித்தான் போகிறது.

அளவு விஷயத்தில் இரண்டு இடங்களில் மிகவும் கவனம் வேண்டும். ஒன்று, லேகியரின் முனை அசைவு. திரஸ்ட் வாஷரோடு சேர்த்து வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.05 முதல் 0.08 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாஷர் பல கனங்களில் கிடைக்கும், அளந்து அதற்கேற்றதை வாங்குங்கள். செட்டில் வந்ததை அப்படியே போட்டுவிடுவதுதான் வீட்டில் கட்டிய பெட்டிகள் சீக்கிரம் சத்தம் போடுவதற்கு முதல் காரணம். இரண்டாவது, முன் மூடிக்கும் இன்புட் பேரிங்குக்கும் இடையே வரும் ஷிம் எனும் மெல்லிய தகடு. மூடியின் பள்ளத்தையும் பேரிங் வெளியே நீட்டியிருக்கும் உயரத்தையும் அளந்து, கேஸ்கட்டின் கனத்தையும் கணக்கில் சேர்த்து, பேரிங் ஆடாமலும் நசுங்காமலும் நிற்கிற கனத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஷிம்மைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் போன தடவை கட்டியவர் செய்த தவறும் கூடவே வரும்.

சிங்க்ரோ ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். புது ரிங்கில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த ரிங் கூம்பைப் பிடிக்காது. புது ரிங் போட்டும் இடைவெளி குறைவாக இருந்தால் கூம்புதான் தேய்ந்திருக்கிறது, கியரையே மாற்ற வேண்டும்.

அலுமினியப் பெட்டியில் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். ஹாட் ஏர் கன்னால் பெட்டியைச் சூடாக்குங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுரீரென்று ஆவியாக வேண்டும். பேரிங் முதல் நாள் ராத்திரியே ஃபிரீசரில் இருக்கட்டும். கை அழுத்தத்திலேயே உட்கார்ந்துவிடும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தை மறக்கவே கூடாது. மண்ணெண்ணெயில் கழுவிய கியரை வெறுங்கையால் தொட்டு அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனால், அடுத்த நாள் காலை விரல் ரேகை துருவாகப் பதிந்திருக்கலாம். கழுவியதும் காற்றடித்து உலர்த்தி, ஆயில் தடவி, பையில் கட்டி வையுங்கள்.

கடைசியாக, வண்டியில் ஏற்றுமுன் மேசை மேலேயே எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நியூட்ரலில் இன்புட் ஷாஃப்ட் கையால் லேசாகச் சுற்ற வேண்டும். எஞ்சினோடு சேர்க்கும்போது பெட்டியின் பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிட்டால் கிளட்ச் என்றைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

மலைப்பாதையில் பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது. மேலே ஏறும்போது இந்தத் தொல்லை இல்லை. ஸ்பிரிங்கை இறுக்கினால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குவது நோயை மறைக்கும், தீர்க்காது. இறங்கும்போது சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. விசையின் திசை மாறுவதால் கியர் பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. கியரும் மெயின்ஷாஃப்டில் எதிர்ப் பக்கம் தள்ளப்படுகிறது. தேய்ந்த இடம் அப்போதுதான் வெளியே தெரியும்.

முதலில் பெட்டிக்கு வெளியே பாருங்கள். பின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் விசை மாறும்போது பெட்டி முன்னும் பின்னும் நகர்ந்து, கியர் கம்பி டன்னல் விளிம்பில் முட்டும். கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் தடித்த வேறொன்றாக மாற்றப்பட்டிருந்தாலும் கியர் முழுதாக விழாது. இரண்டும் சரி என்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை: செலெக்டர் ஃபோர்க்கின் கால்கள், ராடில் குண்டு விழும் பள்ளம், பிறகு கியர் பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டுப் பற்கள். பூட்டுப் பல்லின் முனை மழுங்கினால் கியர் விழக் கடினமாகும். கியரைக் கழலவிடுவது பக்கச் சரிவு தேய்வதுதான். அந்தப் பற்கள் வேரை நோக்கிச் சற்றுக் குறுகலாக வெட்டப்பட்டிருப்பதால் சுமை ஏற ஏற சிங்க்ரோ ஹப்பின் வெளி வளையத்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். சரிவு தேய்ந்து நேராகிவிட்டால் அதே சுமை வளையத்தை வெளியே தள்ளும். அப்போது கியரையும் சிங்க்ரோ ஹப்பையும் சேர்த்து மாற்றுங்கள். வெல்டிங் வைத்துத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட இரும்பு அது. வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய், விரிசலும் விடும்.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஜிஎல்-5 தரத்து 90 கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ஓவர்டிரைவ் இப்போது தாமதமாக விழுகிறது. சேதம் ஆகியிருக்குமா?
– வாசகர், கெப்போங்

உடனே மாற்றுங்கள். இந்தப் பெட்டிக்குத் தயாரிப்பாளர் சொன்னது 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில். கடையில் மின்யாக் ஹித்தாம் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்களே, அதேதான். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கப் பெட்டியின் பின்னால் வரும் கூடுதல் கியர்) இல்லாத பெட்டிக்கு ஏறக்குறைய 3 லிட்டர், இருப்பதற்கு 3.4 லிட்டர்.

ஜிஎல்-5 ஆயிலில் பின் அச்சுப் பற்களுக்காகச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் மருந்து அதிகம். அதில் சில வகை சிங்க்ரோ ரிங்கின் பித்தளையை அரிக்கும். அரிக்காத வகையாக இருந்தாலும் வழவழப்பு கூடி, ரிங் கூம்பைப் பற்றும் வேகம் குறைந்துவிடும். லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவுக்குள் இருக்கும் கூம்புக் கிளட்சுக்கும் இதே கதி. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த எந்த ஆயிலும் அதற்கு ஆகாது.

வண்டியைச் சூடாக ஓட்டிவிட்டு வடியுங்கள். விலை குறைந்த 20டபிள்யூ-50 ஊற்றி 50 கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்து, ஓவர்டிரைவின் வலையை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு நல்ல ஆயில் ஊற்றுங்கள். ஓவர்டிரைவ் தன் பங்கை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சிறிது ஓட்டிய பிறகு மட்டத்தை மறுபடி பாருங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இயல்பான தேய்மானம். தங்கத் தூள் போல் மின்னினால் சிங்க்ரோ ரிங் கரைகிறது. ஊசி போலவோ செதில் போலவோ இரும்பு கிடந்தால் பெட்டியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. சில வாரம் மட்டும் ஓடியிருந்தால் பெரும்பாலும் ஆயில் மாற்றத்தோடு சரியாகிவிடும்.

எஞ்சினை டியூன் செய்து வைத்திருக்கிறேன், செப்பாங்கில் டிராக் நாட்களுக்குப் போக ஆசை. நேர்ப்பல் கியர் செட் போடலாமா, அல்லது ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டிக்கு மாறலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

முதலில் உங்கள் பெட்டியின் பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எம்ஜிபி எஞ்சினின் முறுக்கு விசை 149 நியூட்டன் மீட்டர். இதே வடிவமைப்புப் பெட்டியைத்தான் 1967இல் எம்ஜிசியின் 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பின்னாலும், 1973இல் எம்ஜிபி ஜிடி வி8இன் 3528 சிசி எஞ்சினுக்குப் பின்னாலும், கியர் விகிதத்தையும் பெட்டியின் உறையையும் மாற்றிப் பொருத்தினார்கள். டியூன் செய்த நான்கு சிலிண்டர் எஞ்சின், அளவு சரியாகக் கட்டிய பெட்டியை உடைக்காது. பெட்டிகள் உடைவது தேய்ந்த லேஷாஃப்டாலும், ஆயில் குறைவாலும், கிளட்சைச் சட்டென்று விட்டுக் கிளப்புவதாலும்தான். முதல் கியரில் 149ஐ 3.44ஆல் பெருக்குங்கள், 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் மெயின்ஷாஃப்டில் ஏறுகிறது. கிளட்சை உதறிவிட்டால் அதற்கும் மேல்.

எனவே பலப்படுத்துவதை இந்த வரிசையில் செய்யுங்கள். எல்லாக் கியரையும் ஷாஃப்டையும் கிராக் டெஸ்ட் செய்யுங்கள், டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) தெளிப்பான் போதும். தரமான இரும்பில் செய்த லேஷாஃப்டை வாங்குங்கள். பல்லின் கூர் விளிம்புகளை நுண்ணிய கல்லால் மழுக்குங்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். வசதி இருந்தால் ஷாட் பீனிங் கொடுங்கள். சிறு குண்டுகளால் அடித்துப் பல்லின் வேரில் அழுத்தம் ஏற்றும்போது, திரும்பத் திரும்ப வளைவதால் வரும் முறிவு தள்ளிப்போகும். பேரிங் உட்காரும் இடங்களை அதற்கு முன் மூடிவிடச் சொல்லுங்கள்.

நேர்ப்பல் கியருக்குப் பக்கவாட்டுத் தள்ளல் இல்லை என்பது உண்மையான நன்மை. திரஸ்ட் வாஷரும் பெட்டியின் சுவரும் பிழைக்கும். ஆனால் ஊளைச் சத்தம் காதைத் துளைக்கும். செப்பாங்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகிற வண்டிக்குச் சரி. பட்டர்வொர்த்திலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போய்வருகிற வண்டிக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே.

டைப் 9 நல்ல பெட்டி. இன்றும் பொருத்தும் கிட் கிடைக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அதன் ஐந்தாவது கியரின் விகிதம் 0.82. உங்கள் லேகாக் ஓவர்டிரைவும் 0.82. நாலாவது கியரில் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,800 சுற்று சுற்றும். ஓவர்டிரைவிலோ ஐந்தாவதிலோ ஏறக்குறைய 3,100. அதாவது, நல்ல ஓவர்டிரைவ் உள்ளவருக்கு நெடுஞ்சாலையில் ஒரு லாபமும் இல்லை. தவிர, சாதாரண நான்கு சிலிண்டர் டைப் 9இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. அந்த இடைவெளி டிராக்கில் உறுத்தும். ஓவர்டிரைவே இல்லாத வண்டி என்றால் மாற்றம் பெரிய சுகம், யோசிக்காமல் செய்யலாம். உங்கள் கடிதத்தில் ஓவர்டிரைவ் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள், டிராக்கில் மூன்றாவது கியரில் மட்டும் ஓவர்டிரைவ் போடாதீர்கள். அங்கே விசை 1.38 மடங்காகி அதன் கூம்புக் கிளட்சுக்கு வருகிறது.

புது கிளட்ச் போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது, ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. தினமும் ஜாலான் துன் ரசாக்கில்தான் ஓட்டம். உருளை பேரிங் வகைக்கு மாற்றலாமா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

உங்கள் பேரிங் கரிக்கட்டி வகை. கிளட்ச் மிதிபட்டிருக்கும் நேரமெல்லாம் அது உரசித் தேய்கிறது. நெரிசலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டே நின்றால் ஒன்றரை வருடம் வந்ததே பெரிது. சிக்னலில் நியூட்ரலுக்குப் போய்க் காலை எடுத்துவிடுங்கள். உருளை வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஃபோர்க் வில்வடிவில் நகர்வதால் பேரிங் கிளட்சின் நடுவிலிருந்து விலகி உரசும். கரிக்கட்டி அதைச் சகிக்கும், உருளை பேரிங்குக்கு அது ஆகாது.

திடீர் வெள்ளத்தில் வண்டி கதவுப்படி வரை மூழ்கிவிட்டது. எஞ்சினைக் கிளப்பவில்லை. கியர்பாக்ஸுக்கு என்ன செய்வது? இழுத்துக்கொண்டு போகலாமா?
– வாசகர், ஷா ஆலம்

பின் சக்கரம் தரையில் உருள இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாமல் நியூட்ரலில் இழுத்தால் லேகியர் சுற்றாது. ஆயிலை மேலே தெளிப்பது அதுதான். மெயின்ஷாஃப்ட் மட்டும் வறட்சியில் சுற்றித் தேயும். பின் பக்கத்தைத் தூக்கும் லோரியிலோ, முழுதாக ஏற்றும் லோரியிலோ கொண்டுபோங்கள். இரண்டும் இல்லையென்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள்.

காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இன்றைக்கே வடியுங்கள். ஆயிலைவிடக் கனம் என்பதால் தண்ணீர்தான் முதலில் வரும். பிறகு பால் போல ஆயில் வந்தால் இரண்டும் கலந்துவிட்டன என்று அர்த்தம். விலை குறைந்த 20டபிள்யூ-50 நிரப்புங்கள். எஞ்சினில் தண்ணீர் இல்லை என்று தெரிந்துகொண்டு, அதன் ஆயிலையும் மாற்றிய பிறகே கிளப்பி, பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பத்து நிமிடம் ஒவ்வொரு கியராக ஓடவிட்டு வடியுங்கள். ஆயில் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள், பெரும்பாலும் மூன்று தடவை. ஓவர்டிரைவ் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதையும் போட்டு எடுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் அப்போதுதான் வெளியேறும். கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டாமலிருக்க, பெல்ஹவுசிங்கின் அடித்துளையை ஒரு கம்பியால் குத்தித் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள்.